பொதிகை மலைச் செடிக்கு வகைப் பெயர் வைப்பது எப்படி? சூரியகாந்திக் குடும்பத்துக்கான முழு வழிகாட்டி

அகத்தியமலைத் தொடரின் உயரப் புல்வெளிகளில் வெள்ளைப் பஞ்சு போர்த்தினாற்போல் நிற்கும் சூரியகாந்திக் குடும்பத்து அனாஃபாலிஸ் செடியைப் பறித்து வந்து, பண்புகளை வைத்துச் செடியை அடையாளம் காட்டும் திறவுகோலில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். முக்கால்வாசி பொருந்துகிறது, கால்வாசி பொருந்தவில்லை. இலை அகலமாக இருக்கிறது, அல்லது பூத்தலையைச் சூழ்ந்த செதிலின் நிறம் மாறியிருக்கிறது. அந்தக் கால்வாசி புதிய வகையா, இல்லை மேல்காற்றும் காட்டுத்தீயும் செய்த வேலையா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டும். முறையாக வெளியான பெயரைத் திரும்பப் பெற வழியில்லை. தப்பாகவே இருந்தாலும் அது இணைப்பெயராக, அதாவது அதே செடியின் உபரிப் பெயராக, நின்றுவிடும். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அதைத் தேடிப் படித்து விலக்க வேண்டியிருக்கும்.

வகை என்றால் எது

வகை என்றதும் நம் ஊரில் முதலில் நெல் ரகம்தான் நினைவுக்கு வரும். அம்பை 16 போன்ற ரகங்கள் மனிதர் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. அவற்றுக்கான பெயர் விதிகள் தனி. இங்கே பேசுவது காட்டில் தானாக வளரும் தாவரத்தை, சிற்றினத்துக்குக் கீழே வைக்கும் படிநிலை. லத்தீனில் ‘வெரைட்டாஸ்’, பெயரில் ‘வர்.’ என்று சுருக்கி எழுதுவார்கள்.

சிற்றினத்துக்குக் கீழே அதிகம் புழங்குபவை மூன்று: துணைச்சிற்றினம், வகை, உருவம். எதை எந்தப் படியில் வைப்பது என்பதற்குப் பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு அளவுகோல் எதுவும் தரவில்லை. அது வகைப்பாட்டாளரின் தீர்ப்பு. கைக்கொள்ளத் தகுந்த நடைமுறை இது:

நிலப்பரப்பால் தெளிவாகப் பிரிந்து, பல பண்புகளில் சேர்ந்தே மாறியிருந்தால் துணைச்சிற்றினம். சிற்றினத்தின் பரப்புக்குள்ளேயே ஒரு பகுதியில், குறைந்தது இரண்டு மூன்று பண்புகள் ஒன்றோடொன்று பிணைந்து, தலைமுறை மாறினாலும் மாறாமல் வந்தால் வகை. கூட்டத்தின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரே ஒரு பண்பு மட்டும் மாறித் தெரிந்தால், உதாரணத்துக்கு ஊதாப் பூவுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பூ என்றால், அது உருவம். அதற்குப் பெயரே வைக்காமல் குறிப்போடு விடுவதுதான் எங்கள் பரிந்துரை.

முதலில் அனுமதி

இம்மலைத்தொடரிலுள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் காப்பகமாக இருக்கிறது. அதற்குள் இலை ஒன்றைக் கிள்ளுவதற்கும் தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அது கிடைக்க மாதக்கணக்காகலாம் என்பதால் பூக்கும் பருவத்துக்கு வெகு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் எத்தனை தாள் மாதிரி, எந்தெந்த இடம், எந்த மாதம், எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைக்கப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விதையோ, மரபணு ஆய்வுக்கான இலையோ எடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பிற்பாடு கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பக்கத்துக் காணிக்காரப் பழங்குடிப் பெரியவர்களிடம் செடியின் பெயரும் பயனும் கேட்டு எழுதுவதாக இருந்தால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், எங்கே அச்சாகும் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

களத்தில்

ஒரே ஒரு செடியை வைத்து வகை சொல்ல முடியாது. குறைந்தது 3 இடங்களிலிருந்து, இடத்துக்கு 25 முதல் 30 செடிகளை அளக்க வேண்டும். அளக்க வேண்டுமே தவிர, பறிக்க வேண்டியதில்லை. உயரம், கணுவிடை, நடுத்தண்டு இலையின் நீள அகலம், தலை மஞ்சரிகளின் (பல சிறுமலர்கள் நெருங்கிய பூத்தலைகளின்) எண்ணிக்கை எல்லாம் நின்ற இடத்திலேயே எடுத்துவிடலாம். பறிப்பதற்கு எங்கள் கணக்கு இருபதுக்கு ஒன்று. கூட்டத்தில் 20 செடி இருந்தால் ஒன்றில் மட்டும் கை வைக்கலாம். அதற்கும் குறைவாக இருந்தால் பூத்த கிளை ஒன்று போதும், வேரைத் தொடவேண்டாம்.

புதிய செடியை அளப்பதோடு நிற்காதீர்கள். அதே சிற்றினத்தின் வழக்கமான செடிகளையும் அதே பட்டியலில், அதே ஆளே அளக்க வேண்டும். இதைச் செய்யாமல், தான் அளந்த புதிய செடியைப் பழைய நூலின் அளவோடு ஒப்பிட்டு வகை சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. பழைய நூலாசிரியர் நாலைந்து உலர்ந்த மாதிரிகளை வைத்து அளந்திருப்பார். பச்சைச் செடியும் காய்ந்த செடியும் ஒரே அளவில் இருக்காது.

ஏமாற்றும் தோற்றங்கள் சிலவற்றை இங்கேயே களைந்துவிடலாம்.

காற்றடிக்கும் பாறைமுகட்டில் நிற்கும் செடி குட்டையாகி, இலைகள் நெருங்கி, ரோமம் அடர்ந்திருக்கும். அதே விதை சோலையோர நிழலில் விழுந்தால் உயர்ந்து, இலை அகன்று, ரோமம் மெலியும். இரண்டுக்கும் இடைப்பட்ட செடிகள் சரிவில் வரிசையாக நின்றால் அது வகை அல்ல.

புல்வெளி எரிந்த அடுத்த பருவத்தில் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும் கிளைகளில் இலை பெரிதாகவும் வேறு வடிவிலும் வரும். தண்டின் அடியைத் தோண்டாமல் விலக்கிப் பாருங்கள். கரிந்த கட்டை தெரிந்தால் அந்தச் செடியின் இலை அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பூச்சி முட்டையிட்டு வீங்கிய தலை மஞ்சரி, இயல்பைவிடப் பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்கும். ஒன்றை நறுக்கிப் பார்த்தால் உள்ளே புழு இருக்கும்.

அனாஃபாலிஸுக்கே உரிய பெரிய பொறி ஒன்று உண்டு. இந்தப் பேரினத்தில் சில செடிகளின் தலைகளில் பெண் சிறுமலர்கள் மிகுந்திருக்கும். வேறு சிலவற்றில் ஆணாக இயங்கும் நடுச் சிறுமலர்களே மிகுந்திருக்கும். இரண்டும் தலையின் அளவிலும் தோற்றத்திலும் வேறுபடக்கூடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஆண்பால் செடியையும் பெண்பால் செடியையும் இரண்டு வகையென்று எண்ணிவிடாமல் இருக்க, அளவுப் பட்டியலில் ஒவ்வொரு செடிக்கும் பால் என்றொரு கட்டம் கட்டாயம் வையுங்கள். ஒப்பிடும்போது பெண்பாலைப் பெண்பாலோடும் ஆண்பாலை ஆண்பாலோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

களக்குறிப்பில் காய்ந்தால் மறையும் விஷயங்களுக்கு முதலிடம் கொடுங்கள்: சிறுமலரின் நிறம், செதிலின் நிறம், மணம், பால் வடிகிறதா, இலையின் கீழ்ப்பக்க நிறம். இடத்துக்கு மலையின் பெயர், கடல்மட்ட உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை எழுதுங்கள். காப்பகம் ஏறத்தாழ வடக்கு 8°25′ முதல் 8°53′ வரையிலும், கிழக்கு 77°10′ முதல் 77°35′ வரையிலும் அடங்கும். நீங்கள் எழுதிய எண் இதற்கு வெளியே போனால் தட்டெழுத்துப் பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அழுத்தி உலர்த்துவது

மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு, ஊத்துப் பக்கத்து ஈரத்தில் சூரியகாந்திக் குடும்பம் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று பூஞ்சணம். மற்றொன்று, காய்ந்துகொண்டிருக்கும்போதே தலை விரிந்து, விதையைக் காற்றில் மிதக்கவிடும் பாப்பஸ் மயிர்கள் பொங்கிப் பறந்துவிடுவது. மொட்டு, விரிந்த தலை, முதிர்ந்த தலை மூன்றும் உள்ள கிளையாகத் தேர்ந்தெடுங்கள். முதிர்ந்த தலைகளை 4, 5 மட்டும் தனியே கிள்ளி, மடித்த தாள்பொட்டலத்தில் போட்டு, அதே சேகரிப்பு எண்ணை எழுதி வையுங்கள். தாளில் ஒட்டும்போது அந்தப் பொட்டலமும் மூலையில் ஒட்டப்படும். பின்னாளில் யாராவது சிப்செலாவை, அதாவது ஒற்றை விதை கொண்ட காயை, பார்க்க வேண்டுமென்றால் ஒட்டிய மாதிரியைச் சிதைக்காமல் பொட்டலத்தைப் பிரித்துக்கொள்வார்கள்.

செய்தித்தாளுக்குள் கிளையை விரிக்கும்போது ஓரிரு இலையைத் திருப்பி, கீழ்ப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். தலை மஞ்சரிகளில் ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டி உட்புறம் தெரியவும் வைக்கலாம். முதல் தாளை 24 மணி நேரத்துக்குள் மாற்றுவது முக்கியம். பூஞ்சணம் அந்த முதல் நாளில்தான் பிடிக்கிறது. அப்புறம் 3 நாளைக்குத் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வெயிலே இல்லையென்றால் பல்பு வைத்த பெட்டியில் 40 முதல் 50 டிகிரி சூட்டில் உலர்த்தலாம். அதற்கு மேல் சூடேறினால் செதில் பழுப்பாகி, செதிலின் நிறம் என்ற பண்பே கைவிட்டுப் போகும்.

பூச்சியைக் கொல்லப் பழைய நாளில் மெர்க்குரிக் குளோரைடில் முக்கினார்கள். அது கையாள்பவருக்கு நஞ்சு. மாதிரியைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தாலே போதும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் ஈரம் கோத்துவிடும்.

மரபணு ஆய்வுக்கு இளம் இலையைச் சிலிக்கா ஜெல்லில் போட வேண்டும். இலையின் எடைக்குப் பத்து மடங்கு ஜெல் வேண்டும். அனாஃபாலிஸ் இலையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நறுக்கிப் போடுங்கள்.

ஒரு தலையைப் பிரித்துப் பார்ப்பது

பூ என்று நாம் பார்ப்பது ஒரு பூ அல்ல, பல சிறுமலர்கள் ஒரே தளத்தில் நெருங்கிய தலை மஞ்சரி. வகையைத் தீர்மானிக்கும் பண்புகளில் பாதி இதற்குள் இருக்கிறது.

உலர்ந்த தலை ஒன்றைச் சின்னக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரோடு போட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். தலை தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறங்கியதும் எடுக்கலாம். இன்னும் மிதந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள், பிரிக்கும்போது செதில் உடையும்.

கண்ணாடித்தட்டில் வைத்து, 10 முதல் 40 மடங்கு பெருக்கிக்காட்டும் உருப்பெருக்கியின் கீழ், இரண்டு ஊசிகளால் வெளியிலிருந்து உள்நோக்கிச் செதில்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்க வேண்டும். வெளிவரிசைச் செதில் குட்டையாகவும், நடுவரிசை நீண்டும், உள்வரிசை குறுகியும் இருக்கும். ஒவ்வொரு செதிலிலும் அடியில் தடித்த பச்சையோ பழுப்போ ஆன பகுதியும், மேலே தாள்போன்ற வெள்ளைப் பகுதியும் உண்டு. இந்த இரண்டின் நீள விகிதம் நல்ல பண்பு. அளக்கும்போது நடுவரிசைச் செதிலையே எப்போதும் அளங்கள். ஒரு தலையில் வெளிவரிசையையும் இன்னொன்றில் உள்வரிசையையும் அளந்துவிட்டால் இல்லாத வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

செதில் கழன்றதும் சிறுமலர்கள் நிற்கும். ஓரத்தில் நூல்போல மெலிந்தவை பெண் சிறுமலர்கள், நடுவில் குழாய்போல் மேலே அகன்று 5 பல் காட்டுபவை நடுச் சிறுமலர்கள். இரண்டையும் எண்ணித் தனித்தனியாக எழுதுங்கள். நடுச் சிறுமலரைக் கிழித்து விரித்தால் மகரந்தப்பைகள் குழாயாக ஒட்டியிருப்பதும், அடியில் வால்போல் நீண்டிருப்பதும் தெரியும். பாப்பஸ் மயிரின் நுனியைப் பாருங்கள்: பெண் சிறுமலரில் சீராக மெலிந்திருக்கும், நடுச் சிறுமலரில் நுனி தடித்திருக்கும். இரண்டையும் கலந்து ‘பாப்பஸ் நுனி மாறுபடுகிறது’ என்று எழுதிவிடக்கூடாது. கடைசியாகச் சிப்செலா. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, அதன் மேல் முடியோ முகிழோ இருக்கிறதா என்று 40 மடங்கில் பாருங்கள்.

செடிக்குக் குறைந்தது 3 தலை, கூட்டத்துக்கு 10 செடி என்று இதைச் செய்தால்தான் எண்கள் பேசும். முடிவில் ஒவ்வொரு பண்புக்கும் குறைந்த அளவு, கூடிய அளவு, சராசரி மூன்றையும் பட்டியலிடுங்கள். இரண்டு கூட்டங்களின் அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் படிந்தால் அந்தப் பண்பை விட்டுவிடுங்கள். படியாமல் பிரிந்து நிற்கும் பண்பு இரண்டுகூடத் தேறவில்லையென்றால் அங்கே வகை இல்லை. இவ்வளவு உழைத்த பிறகு இதை ஏற்க மனம் வராது. ஆனாலும் ஏற்கத்தான் வேண்டும். அனுமதி இருந்தால் இரண்டு பக்கத்து விதையையும் ஒரே இடத்தில், ஒரே மண்ணில் வளர்த்துப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

பழைய பெயர்களைத் தேடுவது

உங்கள் செடிக்கு 150 ஆண்டுக்கு முன்பே யாராவது பெயர் வைத்திருக்கலாம். ராபர்ட் வைட், பெடோம் போன்றவர்கள் இந்த மலைகளில் சேகரித்தவர்கள். பழைய சீட்டுகளில் ‘டின்னவெல்லி ஹில்ஸ்’, ‘கோர்ட்டாலம்’ என்று இருப்பது நம் திருநெல்வேலி மலையும் குற்றாலமும்தான். அனாஃபாலிஸ் பேரினமே தாவரவியலாளர் டி கேண்டோல் 1838இல் வைத்தது. தென்னிந்தியச் சிற்றினங்கள் பலவற்றின் பெயரும் அவருடையதே.

பன்னாட்டுத் தாவரப் பெயர்ப் பட்டியலான ஐ.பி.என்.ஐ. இணையத் தளத்தில் பேரினத்தின் கீழுள்ள எல்லாப் பெயர்களையும், இணைப்பெயர்களையும் எடுங்கள். ஒவ்வொன்றின் முதல் விளக்கத்தையும் படித்து, ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) தாளின் படத்தைப் பாருங்கள். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய காம்பிளின் நூலில் உள்ள சுருக்க விளக்கம் திசை காட்டத்தான் உதவும். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு ஒருமுறையாவது நேரில் போங்கள். படத்தில் ரோமத்தின் தன்மை தெரியாது.

பழைய பெயர் கிடைத்து, அது சிற்றினப் படியில் இருந்து, நீங்கள் அதை வகையாக இறக்க நினைத்தால் புதுப்பெயர் தேவையில்லை. பழைய அடைமொழியை (பேரினப் பெயருக்குப் பின்வரும் சொல்லை) வைத்துப் படிநிலையை மாற்றலாம். அப்போது மூலப்பெயரின் ஆசிரியர், நூல், பக்கம், ஆண்டு முழுவதையும் எழுத வேண்டும். 1953 ஜனவரி 1க்குப் பிறகு இது இல்லாமல் மாற்றம் செல்லாது. முன்னுரிமை அந்தந்தப் படிநிலைக்குள் மட்டுமே என்பதால், சிற்றினப் படியிலுள்ள பழைய அடைமொழியைத்தான் வகைக்கும் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெயரை அமைப்பது

பேரினம், சிற்றின அடைமொழி, ‘வர்.’, வகை அடைமொழி என்ற வரிசையில் பெயர் வரும். மாதிரிக்கு ஒன்று: அனாஃபாலிஸ் பெடோமி வர். பொதிகையென்சிஸ். இப்படியொரு வகை கிடையாது, விளக்கத்துக்காக மட்டும் எழுதியது.

அடைமொழி பேரினத்தின் பால்படி மாறும். அனாஃபாலிஸ் பெண்பால், செனிசியோ ஆண்பால், ஹெலிக்கிரைசம் அலிப்பால். ரோமமற்றது என்று சொல்ல முறையே கிளாப்ரா, கிளேபர், கிளாப்ரம். இடப்பெயரோடு வரும் ‘என்சிஸ்’ ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது, அலிப்பாலில் ‘என்சே’ ஆகும். ஆள் பெயரென்றால் பால் ஒத்துப்போக வேண்டியதில்லை. வெர்னோனியா ராமசாமியை என்பதில், உயிரெழுத்தில் முடியும் பெயரோடு ஆங்கில எழுத்தான ‘ஐ’ (i) ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. ‘வைட்’ போல மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் இரண்டு ‘ஐ’. பெண்ணின் பெயரென்றால் ‘ஏ’ ஒலியில் முடியும். தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபல்ல.

இங்கே கவனிக்காமல் விழும் குழி: ஒரே சிற்றினத்துக்குள் வேறு செடிக்கு, துணைச்சிற்றினப் படியில் அதே அடைமொழி ஏற்கெனவே இருந்தால், வகைப் படியில் அதை நீங்கள் பயன்படுத்த முடியாது. படி வேறாக இருந்தாலும் இரண்டும் ஒத்தபெயராகக் கருதப்படும், உங்களுடையது தள்ளுபடியாகும்.

இன்னொன்று. உங்கள் வகை வெளியான அந்தக் கணமே, மீதியுள்ள வழக்கமான செடிகளுக்கும் ஒரு வகைப் பெயர் தானாகப் பிறந்துவிடும். மாதிரிப் பெயரில் அது ‘அனாஃபாலிஸ் பெடோமி வர். பெடோமி’. இதற்கு ஆசிரியர் பெயர் எழுதக்கூடாது. இரண்டையும் பிரிக்கும் திறவுகோலைக் கட்டுரையில் கொடுப்பது உங்கள் கடமை.

பெயர் செல்ல என்ன வேண்டும்

ஹோலோடைப் ஒரே ஹெர்பேரியத்தில் உள்ள ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஒரே சேகரிப்பாக, அதாவது ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே எண்ணில் எடுத்ததாக இருப்பது அவசியம். கார்த்திகையில் எடுத்த பூவையும் மாசியில் எடுத்த காயையும் ஒரே தாளில் ஒட்டி ஹோலோடைப் என்றால் அது இரண்டு சேகரிப்பு, பெயர் செல்லாது. காயை வேறு எண்ணில் தனித்தாளாக வையுங்கள். அதே சேகரிப்பின் மற்றப் பிரதிகள் ஐசோடைப். இவற்றில் ஒன்றைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஹெர்பேரியத்துக்குக் கொடுத்தால் நம் பகுதி மாணவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி புதிய வகையின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் வைக்க வேண்டும், தகவலும் தர வேண்டும். ஆகவே ஹோலோடைப்பை இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் ஹெர்பேரியத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

விளக்கமோ, வேறுபடுத்தும் குறிப்போ லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலம் 2012 ஜனவரி 1 முதல் ஏற்கப்படுகிறது. தமிழில் எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் அது மட்டும் போதாது என்பது வருத்தம்தான். ஆனால் ஆங்கில விளக்கத்தோடு தமிழ் விளக்கமும் சேர்த்து அச்சிட எந்தத் தடையும் இல்லை. சேருங்கள்.

கட்டுரையில் வர வேண்டியவை: ‘புதிய வகை’ என்று படிநிலையைக் காட்டும் சொல், ‘ஹோலோடைப்’ என்ற சொல், அது உள்ள ஹெர்பேரியத்தின் பெயர், சேகரித்தவர், நாள், எண். படிநிலை 1953 முதலும், டைப் குறிப்பு 1958 முதலும், ஹெர்பேரியத்தின் பெயர் 1990 முதலும் கட்டாயம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மொத்தப் பெயரும் செல்லாமல் போகும்.

இணையத்தில் மட்டும் வரும் இதழானால் பி.டி.எஃப். வடிவமும் ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். எண்ணும் தேவை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியது, ஏடே வெளிப்படையாக வேறுவிதமாகச் சொன்னாலொழிய, வெளியீடாகாது. ஆய்வேட்டில் புதுப்பெயரை எழுதி, அதை நண்பர் வேறு கட்டுரையில் எடுத்தாண்டு, கடைசியில் யார் எங்கே வெளியிட்டார் என்றே தெரியாமல் போவதும் உண்டு. ஆய்வேட்டில் ‘அனாஃபாலிஸ் வகை 1’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரிதான செடியென்றால் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையைக் கட்டுரையில் அச்சிடாமல், மலைப்பெயரோடு நிறுத்தி, முழுக் குறிப்பை ஹெர்பேரியச் சீட்டிலும் வனத்துறைக்குத் தரும் அறிக்கையிலும் வையுங்கள்.

வெளியான பிறகு

ஐசோடைப் அனுப்பிய எல்லா ஹெர்பேரியங்களுக்கும் வெளியான பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எழுதிய உறுதிச்சீட்டை அனுப்பி, தாளில் ஒட்டச் சொல்லுங்கள். அது ஒட்டப்படாத வரை, அந்தத் தாள் டைப் என்றே தெரியாமல் பொது அடுக்கில் கிடக்கும். கட்டுரையின் பிரதி ஒன்றை அம்பாசமுத்திரம் அல்லது களக்காடு வன அலுவலகத்துக்கும், செடியின் பெயரைச் சொன்ன காணிக் குடியிருப்புக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் அதே சரிவுக்குப் போய் எத்தனை செடி பூத்திருக்கிறது என்று எண்ணுங்கள்.